கமிட்டி என்ன துரையா?

எங்கள் அடுக்குமாடியில் அதிகம் காதில் விழும் கேள்வி, "கமிட்டி என்னா செய்யுது?" மாடிப்படி விளக்கு எரியவில்லை, கமிட்டி என்னா செய்யுது? பக்கத்து வீட்டுக்காரர் செருப்பு அலமாரியை நடைபாதையில் கொண்டுவந்து வைத்துவிட்டார், கமிட்டி என்னா செய்யுது? மேல்வீட்டில் ராத்திரி புருஷன் பெண்டாட்டி சண்டை, அதற்கும் கமிட்டிதான். செயலாளர் என்பதால் எல்லாம் என் காதுக்குத்தான் வரும். கமிட்டியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் எங்களில் பாதிப் பேருக்கும் தெரியாது என்பதுதான் கொஞ்சம் சங்கடம்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், கெடா மாநிலத்தின் தெற்கே, கூலிம் மாவட்டத்துப் பாடாங் செராயில். ஹென்றியட்டா, விக்டோரியா என்று சுற்றிலும் தோட்டப் பெயர்கள். பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, செம்பனையிலும் ஒரு பகுதி போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் காலையில் ஊர் முழுக்கத் தொழிற்சாலை பஸ்கள். எங்களுடையது ஐந்து மாடி, மின்தூக்கி கிடையாது, மலிவு விலை வீடுகள். முதலில் வாங்கியவர்களில் பெரும்பாலோர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் சீனர்களும் மலாய்க்காரர்களும். இப்போது நேப்பாளிகளும் வங்காளதேசத்தவரும் வாடகைக்கு இருக்கிறார்கள்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், கூரை ஒழுகினால் யாரிடம் போக வேண்டும் என்பதில் குழப்பமே இருந்ததில்லை. மேற்பார்வை பார்க்கும் தண்டலிடம் சொன்னால் கணக்கெழுதும் கிராணிக்குப் போகும், கிராணி நோட்டில் எழுதினால் ஆபீசுக்குப் போகும், தோட்ட நிர்வாகியான துரைக்கு மனசு வந்தால் ஆள் வருவான். வராவிட்டால் மறுபடி போய் நிற்க வேண்டும். தொழிலாளிக்கு வீடும் குடிநீரும் கால்வாயும் சரியாக அமைத்துத் தருவது முதலாளியின் கடமை என்று 1990இல் தனிச் சட்டமே வந்தது. 446ஆம் சட்டம் என்பார்கள். கடமை முழுவதும் ஒரு பக்கம், கேட்பது முழுவதும் மறுபக்கம். அப்படி வளர்ந்தவர்களுக்கு 'இது உன் வீடு, இந்தா கிராண்' என்று பட்டாவைக் கையில் கொடுத்தபோது, தண்ணீர்த் தொட்டியும் கூரையும் மாடிப்படியும் சேர்ந்துதான் கைக்கு வந்தன என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை.

'நம்ம ஆளுங்களுக்குக் கூட்டுச்சொத்து பழக்கமில்ல' என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட நாட்களில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளி (எங்கள் நாட்டுப் பணம்) கட்டிப் பங்கு சேர்த்தவர்கள் இதே பால்மரம் சீவியவர்கள்தான். என் தாத்தா பங்குப் பத்திரத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். ஆண்டுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேட்டுச் சண்டை போட்டுவிட்டு வருவாராம். அந்தப் பத்து வெள்ளியைக் கட்டத் தெரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பராமரிப்புக் கட்டணம் நாற்பது வெள்ளிக்கு ஆறு மாதம் பாக்கி வைக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். சுருக்கமாகத்தான் சொல்லப்போகிறேன், தூங்கிவிடாதீர்கள். 1985ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி வீட்டு) பட்டாச் சட்டத்தின்படி, தனித்தனிக் கிராண் வந்தபிறகுதான் உரிமையாளர்களின் நிர்வாகக் கழகம், அதாவது எம்.சி., பிறக்கும். கிராண் வர ஆண்டுக்கணக்கில் ஆனதால் அதுவரை கட்டடம் அதைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர் கையில்தான். அந்த இடைவெளிக்காக 2007இல் வந்தது ஜே.எம்.பி. என்ற கூட்டு நிர்வாக அமைப்பு. இரண்டையும் ஒன்றாக்கி 2013இல் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் போட்டார்கள். 757ஆம் சட்டம். 2015 ஜூனில் நடப்புக்கு வந்தது. எங்கள் கட்டடம் ஜே.எம்.பி.யாக நெடுங்காலம் இருந்து பிறகு எம்.சி. ஆனது.

இதில் முக்கியமான ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். கழகம் என்றால் கமிட்டி இல்லை. வீடு வைத்திருக்கும் எல்லாரும் சேர்ந்ததுதான் கழகம். பொதுச்சொத்தைப் பராமரிப்பது, கட்டணம் விதித்து வசூலிப்பது, கட்டடத்துக்குத் தீக்காப்புறுதி எடுப்பது, கணக்கைத் தணிக்கைக்குக் கொடுப்பது எல்லாம் கழகத்தின் கடமைகள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் மூன்று முதல் பதினான்கு பேர் வரையிலான கமிட்டி, அந்த வேலையைக் கழகத்தின் சார்பில் செய்கிறது. கழகத்தின் அதிகாரத்தை அது பயன்படுத்தலாம், ஆனால் பொதுக்கூட்டம் போட்ட கட்டுப்பாட்டுக்கும் கொடுத்த உத்தரவுக்கும் உட்பட்டுத்தான். தலைவர் என்ற தனி ஆளுக்குச் சட்டம் ராஜாங்கம் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

எங்கள் தலைவர் நல்ல மனிதர். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், ஐம்பது வீட்டுக் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர். யாராவது கேட்டால் 'சரி, பாத்துக்கலாம்' என்று சொல்லிவிடுவார். அவர் பெருந்தன்மை, எங்களுக்குத் தலைவலி.

தண்ணீர் பம்ப் விஷயத்தில் அப்படித்தான் ஆனது. கீழ்த்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு பம்ப். ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வில் இருக்க வேண்டும். ஒன்று முன்னமே பழுதாகி, 'அப்புறம் பாக்கலாம்' என்று கிடந்தது. ஒரு சனிக்கிழமை மற்றதும் கம்பிச்சுருள் கருகிப் படுத்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஐந்தாம் மாடியில் குழாய் காற்று ஊதியது. தலைவர் போனைப் போட்டுக் கடைக்காரரை வரவழைத்து, 3,800 வெள்ளிக்குப் புதுப் பம்ப் இறக்கிவிட்டார். சாயந்திரம் தண்ணீர் வந்தது. ஐந்தாம் மாடிப் பெண்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

திங்கட்கிழமை பொருளாளர் காசோலையில் கையெழுத்துப் போட மறுத்தார். "யாரக் கேட்டு வாங்குனீங்கண்ணே? மூணு கடையில வெல கேட்டீங்களா?"

"குளிக்கத் தண்ணியில்லாம பிள்ளைங்க நிக்குதுங்க, நான் மூணு கடை ஏறி எறங்கணுமா?"

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவசரத்துக்கு யார், எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்று எங்கள் பொதுக்கூட்டம் எந்தக் காலத்திலும் முடிவு செய்ததில்லை. சட்டமும் அதற்கு ஒரு தொகையைச் சொல்லவில்லை. அது அந்தந்தக் கட்டடத்தார் வைத்துக்கொள்ள வேண்டிய வரம்பு. இன்னொரு சிக்கல், பணத்தை எந்தக் கணக்கில் எடுப்பது? எங்கள் வீட்டுக்கு மாதம் நாற்பது வெள்ளி என்றால் அதோடு பத்து விழுக்காடு, நான்கு வெள்ளி, சிங்கிங் ஃபண்டுக்குப் போகும். சாயம் பூசுவது, தேய்ந்துபோன பெரிய சாமானை மாற்றுவது மாதிரியான செலவுக்குத்தான் அது. கூட்டிப் பெருக்குகிறவர் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் அதைத் தொடக்கூடாது. புதுப் பம்ப் வாங்கியதை அதில் எழுதலாம். பழைய பம்பை மாதாமாதம் சர்வீஸ் செய்திருந்தால் பராமரிப்புக் கணக்கில் வந்திருக்கும், செலவும் சில நூறில் முடிந்திருக்கும். கடைசியில் கமிட்டி கூடி, செலவு நடந்த பிறகு ஒப்புதல் கொடுத்துக் கடைக்காரர் பணத்தைக் கொடுத்தோம்.

அதிகாரம் இல்லாத இடத்தில் வாக்குக் கொடுத்த கதையும் உண்டு. பம்ப் அறைக்குப் பின்னால் ஓர் அரசமரம் இருக்கிறது. தோட்டத்தில் எந்தப் பெரிய மரத்தடியிலும் ஒரு முனியாண்டி இருப்பார், எங்கள் ஆட்களுக்கு வெறும் மரம் கண்ணை உறுத்தும். ஒரு சின்ன மேடை கட்டி, சூலம் நட்டுக்கொள்கிறோம் என்று சிலர் தீபாவளி விருந்தில் தலைவரிடம் கேட்க, 'அதுக்கென்ன, கட்டுங்க' என்று சொல்லிவிட்டார். மறுவாரம் கீழ்த்தளத்துச் சீன அங்கிள் வந்து அவர்கள் கும்பிடும் காவல் தெய்வமான டத்தோ கோங்குக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று சிரிக்காமல் கேட்டார். எதிர்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) எதுவும் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகள் அங்கேதான் பந்து விளையாடுகிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

பொதுச்சொத்தில் ஒரு மூலையைச் சிலருக்கென்று ஒதுக்கித் தருவது கமிட்டியின் கைவேலை இல்லை. அந்த மண்ணில் எல்லா வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. நான் அதைப் பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் போட்டேன், கூட்டத்தில் தோற்றது. கேட்டவர்களில் இரண்டு குடும்பம் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. 'நம்ம ஜாதிசனமே நமக்கு எதிரி' என்று மாடிப்படியில் என் காதுபடச் சொன்னார்கள்.

இனி ஒழுக்கு. அடுக்குமாடிக் கமிட்டியில் இருந்த யாரைக் கேட்டாலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பார்கள். இரண்டாம் மாடி அத்தை வீட்டுக் குளியலறை மேற்கூரையில் முதலில் பழுப்பாக ஒரு வளையம் விழுந்தது. பிறகு சாயம் அப்பளம் போலப் பொரிந்து உதிர்ந்தது. பிறகு சொட்டு. அத்தை நீல நிறப் பாசினை வைத்து, ராத்திரி ஒருமுறை எழுந்து கொட்டிவிட்டுப் படுப்பார். மேல்வீட்டில் இருப்பவர் வாடகைக்காரர், "நான் வாடக குடுக்கிறேன், ஒழுக்குக்கு நான் பொறுப்பில்ல" என்றார். சொந்தக்காரர் சிங்கப்பூரில் வேலை. போனில், "கட்டடம் பழசு, கமிட்டி பாக்கணும்" என்றார். அத்தையும் "கமிட்டி என்னா செய்யுது?" என்றார்.

2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, நல்ல பகுதி. புகார் கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் போய்ச் சோதிக்க வேண்டும். கீழ்வீட்டு மேற்கூரையில் நீர்க்கசிவு தெரிந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது மேல்வீட்டிலிருந்துதான் வருகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிந்த ஐந்து நாளுக்குள் காரணம் இன்னது, பொறுப்பு இன்னாருடையது என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். பொறுப்பானவர் பழுதுபார்க்காவிட்டால் நிர்வாகமே செய்துவிட்டு, செலவை அவரிடம் வசூலிக்கலாம். ஆக, இங்கே கமிட்டிக்குக் கடமையும் உண்டு, அதிகாரமும் உண்டு. கமிட்டி செய்யக்கூடாதது, காரணம் தெரியுமுன் சொந்தக் காசில் ஆளை விட்டு உடைப்பது.

நாங்கள் போனபோது கூடவே எங்கள் வழக்கமான குழாய்க்காரத் தம்பியும் வந்தார். மேல்வீட்டுக் குளியலறைத் தரைவடிகாலைத் துணியால் அடைத்தார். "அக்கா, வீட்ல கேசரிப் பவுடர் இருக்கா?" என்றார். அரை டப்பாவைத் தண்ணீரில் கலக்கித் தரையில் ஊற்றி, அரை விரல் உயரம் தேக்கிவிட்டுப் போய்விட்டோம். அன்றிரவு எதுவும் வரவில்லை, தரை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. மறுநாள் காலை துணியை எடுத்ததும் மொத்தத் தண்ணீரும் வடிகாலில் இறங்கியது. கால் மணி நேரத்தில் அத்தையின் பாசினில் ஆரஞ்சுச் சொட்டு. வடிகால் குழாய் கான்கிரீட்டைத் தாண்டிக் கீழே வளையும் இணைப்பில்தான் வெடிப்பு. அந்தக் குழாய் தொங்குவது அத்தை வீட்டு மேற்கூரைக்கு அடியில் என்றாலும் மேல்வீட்டுக்கு மட்டுமே பயன்படுகிறது, எனவே செலவு மேல்வீட்டாருடையது. சான்றிதழைப் படம் எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பியபின் அவர் பேச்சு மாறியது, பணமும் வந்தது.

அதே மாதம் அடுத்த வரிசையில் வந்த ஒழுக்கு, ஐந்து மாடிக்கும் பொதுவாக இறங்கும் கழிவுக்குழாயிலிருந்து. அது பொதுச்சொத்து, முழுச் செலவும் எங்கள் தலையில். இரண்டு வீட்டுக்காரர்களும் தத்தம் மேற்கூரையைக் காட்டி ஒரே புகாரைத்தான் சொன்னார்கள். 'அவங்களுக்கு மட்டும் கமிட்டி செஞ்சு குடுத்திச்சு' என்று இப்போதும் ஒரு பேச்சு இருக்கிறது.

எந்தப் பராமரிப்பும் உதவாத இடமும் உண்டு. நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயாவுக்காகக் காலி செய்யப்பட்ட பிராங் பெசார் முதலான தோட்டங்களின் மக்கள், டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் விரிசல் விட்ட சுவர்களோடு ஆண்டுக்கணக்கில் போராடியது ஊரறிந்த கதை. கட்டியதே கோளாறு என்றால் மாதம் நாற்பது வெள்ளி வசூலிக்கும் கமிட்டி என்ன செய்ய முடியும்?

வசூலுக்கு வருகிறேன். பாக்கி வைப்பவருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு, பதினான்கு நாள் அவகாசம், ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வரை வட்டி, அதன்பின் ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம் அல்லது கட்டட ஆணையர் வழியாகச் சாமான்களைக் கைப்பற்றும் ஆணை. தீர்ப்பாயத்தில் 250,000 வெள்ளி வரை கோரலாம். பாக்கிக்காரரின் நுழைவட்டையை முடக்கலாம், பொது வசதிகளைப் பயன்படுத்துவதை நிறுத்தலாம், பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று துணைவிதிகள் சொல்கின்றன. கோலாலம்பூரில் கொண்டோமினியத்தில் இருக்கும் தங்கை இதைக் கேட்டு, "அப்புறம் என்னக்கா, கார்ட பிளாக் பண்ணிடு" என்றாள். எங்களுக்கு ஏதம்மா கார்டு? கேட்டும் இல்லை, நீச்சல் குளமும் இல்லை, உடற்பயிற்சிக் கூடமும் இல்லை. முடக்குவதற்கு என்ன இருக்கிறது, மாடிப்படியா? சட்டம் எழுதியவர்கள் மனக்கண்ணில் இருந்த அடுக்குமாடி வேறு.

சில இடங்களில் ஆத்திரத்தில் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். துணைவிதி தரும் பட்டியலில் நுழைவட்டை இருக்கிறது, வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. வீட்டுக்குப் போகும் குடிநீர் அதில் இல்லை. எங்கள் கமிட்டியிலும் ஒருவர் இதைச் சொன்னார், நான் குறிப்பேட்டில் எழுதவே மறுத்துவிட்டேன்.

பெயர்ப் பட்டியல் ஒட்டினோம். அதில் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் வீட்டு எண்ணும் இருந்தது. இரண்டு நாளில் பட்டியலைக் காணோம். மறுபடி ஒட்டினோம்.

தொழிற்சாலைக்காரர்கள் ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேரைத் தங்கவைப்பதைத் தடுக்க முடியாதா என்பது அடுத்த கேள்வி. கமிட்டி கூடி 'இனிமேல் கூடாது' என்று ஒரு தாளில் எழுதி ஒட்டினால் அதற்கு மதிப்பில்லை. கூடுதல் துணைவிதி வேண்டுமென்றால் இருபத்தொரு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, பதிவான வாக்குகளில் முக்கால் பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும். அப்படிப் போட்ட விதிக்குப் பலம் உண்டு. கோலாலம்பூர் மோன் கியாராவின் வெர்வ் சூட்ஸ் அடுக்குமாடி வழக்கில் குறுகியகால வாடகைக்குத் தடை போட்டது செல்லும் என்று 2020இல் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் எங்கள் கதை சுற்றுலாப் பயணிகள் கதை இல்லை. 446ஆம் சட்டத்தை 2019இல் திருத்தி, தோட்டத்துக்கு வெளியே உள்ள துறைகளுக்கும் நீட்டித்தார்கள். ஆள் தங்கவைக்கும் முதலாளி தொழிலாளர் இலாகாவிடம் தங்குமிடச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. எங்கள் அப்பா அம்மா இருந்த லயத்துக்காக வந்த சட்டம், அவர்கள் வாங்கிய அடுக்குமாடிக்குள் நேப்பாளி தம்பிகளைத் தேடி வந்திருக்கிறது. நான் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு வீட்டு உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினேன். தம்பிகளை விரட்ட வேண்டும் என்று கேட்டவர்களில் சிலருக்கே ஒன்றிரண்டு வீடுகள் வாடகைக்குப் போயிருந்தன, அவர்கள் கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

எல்லாப் பேச்சும் கடைசியில் வந்து நிற்பது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில்தான். வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும். அரை மணி நேரம் பார்த்தும் சேராவிட்டால் வந்தவர்களே கோரம் ஆகிவிடுவார்கள். நாங்கள் பாலாய் ராயா என்ற ஊர்ப் பொதுமண்டபத்தில் நாற்காலிகளைப் பரப்பிவைத்து, பிஹூன் பொட்டலங்களை அடுக்கிவைத்து, அந்த அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். பிறகு முன் இரண்டு வரிசைக்காரர்கள் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்துக் கை தூக்குவார்கள். மீந்த பிஹூன் பொட்டலத்தை வராதவர்களின் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போவார்கள். மறுநாள் மாடிப்படியில், "யாரு முடிவு பண்ணது?" வந்தவர்கள்தான், வேறு யார்?

இந்த ஆண்டுக் கூட்டத்துக்கு நான் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். தண்ணீர், மின்சாரம், உயிராபத்து, இந்த மூன்றுக்கு மட்டும் தலைவரும் பொருளாளரும் சேர்ந்து 2,000 வெள்ளி வரை உடனே செலவழிக்கலாம். ஏழு நாளுக்குள் பில்லைக் கமிட்டி முன் வைக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கமிட்டி கூடி, மூன்று கடை விலையோடு முடிவெடுக்கும். 10,000 வெள்ளியைத் தாண்டினால் பொதுக்கூட்டம். இரண்டு பம்பையும் மாதம் ஒருமுறை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுவது யார் வேலை என்பதையும் அதிலேயே எழுதிவிட்டேன், பெயர் போட்டு.

தலைவருக்குக் கோபம். "என் கையக் கட்டிப் போடுறியாம்மா?" என்றார். "இல்லண்ணே, 2,000 வெள்ளிக்கு உங்க கையத் தொறந்து விடுறேன், இதுவரைக்கும் அதுவும் இல்ல" என்றேன். பொருளாளருக்கு 2,000 அதிகமாம், 1,000 போதுமாம். 3,800 வெள்ளிப் பம்ப் மறுபடி கருகினால் இந்த வரம்பும் போதாது என்று மூன்றாம் மாடித் தம்பி ஒருவர் சொன்னார், அது சரியான கேள்வி. வாடகைப் பம்ப் ஒன்றை அன்றைக்கு மட்டும் கொண்டுவந்து ஓட்ட 2,000க்குள் முடியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். முடியாதென்றால் தொகையைக் கூட்டத்திலேயே திருத்திக்கொள்ளலாம்.

வாசகத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன், மலாயிலும் தமிழிலும். சீன அங்கிளின் மகள் சீனத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பாக்கி உள்ளவர்கள் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாகக் கட்டி முடித்தால்தான் வாக்களிக்க முடியும். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தன்று காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.